நல்ல தண்ணி

ஆய்வுத் தலைப்புச் சொல்லுற நாள் எங்கட பற்ச்சில எல்லாருக்கும் நெஞ்சிடிதான். புவியியல் சிறப்புக்கலை செய்யிற ஆக்கள் ஒவ்வொருத்தராக முன்னுக்குப் போய் ஐந்து நிமிசம் கதைக்க வேணும். எனக்கு முதல் போனவள் டெங்கு. அவளுக்கு முதல் போனவன் பஸ் தரிப்பிடங்கள். நான் போய் "நாயாற்றுக் களப்பில் நீர்நாய்களின் வாழிடம்" எண்டு சொன்னவுடனே பின்வரிசையில் ஒரு சிரிப்புச் சத்தம். அது பரவாயில்லை. சேர் கேட்ட கேள்விதான் பிரச்சினை.

"எத்தினை இருக்கு?"

"தெரியாது சேர்."

"நீர் கண்டிருக்கிறீரே?"

"இல்லை சேர். அம்மப்பா கண்டிருக்கிறார்."

இரண்டாவது சிரிப்பு முதலாவதை விடப் பெரிசு. சேர் சிரிக்கேல்லை, அதுக்காக அவருக்கு இண்டைக்கும் மரியாதை. "எத்தினை இருக்கு எண்டே சொல்லேலாத ஒண்டை வைச்சு என்ன செய்யப் போறீர்? அதோட இது சயன்ஸ் பகல்டி ஆக்கள் செய்யிற வேலை. ரெண்டு கிழமை தாறன், யோசிச்சுப் போட்டு வாரும்" எண்டார்.

அந்த ரெண்டு கிழமையில் நான் வாசித்ததும், அதுக்குப் பிறகு நடந்ததும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அம்மப்பாவைச் சொல்ல வேணும். அவர் அளம்பில் பக்கத்துக் கடற்றொழிலாளி. கரைவலையும் இழுத்திருக்கிறார், களப்புக்குள்ள வீச்சுவலையும் எறிஞ்சிருக்கிறார். "நாயாறு எண்டு ஏன் பேர் வந்தது தெரியுமே? தண்ணிக்குள்ள நாய் நிண்டதாலதான்" எண்டு சின்ன வயசில் எங்களுக்குச் சொல்லுவார். அது உண்மையான பெயர்க்காரணம் எண்டு நான் சொல்ல வரேல்லை. அவர் எல்லா ஊர்ப் பேருக்கும் ஒரு காரணம் வைத்திருந்தவர், பாதி அப்பவே சோடிச்சது. ஆனால் ஆறு களப்புக்குள் இறங்குற இடத்தில், விடியப்புறம், வலையில் மாட்டின மீனைத் தலையோட கடிச்சு இழுத்துக்கொண்டு போன கபில நிற மிருகத்தைப் பற்றி அவர் சொன்ன விதத்தில் சோடிப்பு இருக்கேல்லை. அவருக்கு அதில் கோவம் இருந்தது. வலை கிழிஞ்ச கோவம். சோடிக்கிற மனிசர் கோவத்தையும் சேர்த்துச் சோடிக்க மாட்டினம் எண்டது என்ர எண்ணம்.

இலங்கையில் இருக்கிறது ஒரே ஒரு நீர்நாய் இனம். லூட்ரா லூட்ரா எண்டது அதின்ர விஞ்ஞானப் பெயர். அயர்லாந்திலும் போர்த்துக்கலிலும் தொடங்கி ஆசியா முழுக்கப் பரந்திருக்கிற அதே இனம்தான் எங்கட ஆறுகளிலும் குளங்களிலும் இருக்குது. இது எனக்குப் பெரிய உதவியாகப் போச்சு. ஏனெண்டால் இதே மிருகம் கடற்கரையில் எப்பிடிச் சீவிக்குது, எத்தினை இருக்குது எண்டு ஆரோ ஒருத்தர் எங்கேயோ கட்டாயம் எண்ணியிருப்பினம். தேடினேன். எண்ணியிருக்கினம். ஷெட்லண்டில்.

ஸ்கொட்லாந்துக்கு வடக்கே, 60 பாகை வட அகலக்கோடு ஊடறுத்துப் போற தீவுக்கூட்டம் அது. நூறு தீவுகள் வரைக்கும் இருக்குது, சனம் குடியிருக்கிறது பதினாறு வரையானதில்தான். மரம் குறைவு, காற்றுக் கூட, எந்த இடத்தில் நிண்டாலும் ஐந்து கிலோமீற்றருக்குள் கடல். பெரிய ஆறு எண்டு ஒண்டும் இல்லை. அதனால் அங்கத்தை நீர்நாய்கள் கடலை நம்பித்தான் சீவிக்குதுகள். மற்ற நாடுகளில் பெரும்பாலும் இரவில் நடமாடுற இந்த மிருகம் ஷெட்லண்டில் பட்டப்பகலில் வேட்டையாடும். அது பிடிக்கிற சின்ன மீன்கள் இரவில் துடிப்பாக ஓடித்திரியிறதுகள், பகலில் கடற்பாசிக்குள் அசையாமல் கிடக்கிறதுகள். நித்திரை கொள்ளுற மீனைப் பிடிக்கிறது லேசுதானே. கரையை ஒட்டின ஆழம் குறைந்த தண்ணிக்குள் சுழியோடி, பாசியைக் கிளறி, ஒண்டைப் பிடித்துக்கொண்டு மேலே வரும்.

ஹான்ஸ் க்ரூக் எண்டவர் நெதர்லாந்தில் பிறந்த விலங்கியலாளர். ஆபிரிக்காவில் செரெங்கெற்றிக் கழுதைப்புலிகளைப் பற்றி எழுதி 1972இல் பேர் எடுத்தவர். பிறகு ஸ்கொட்லாந்துக்கு வந்து, தன்ர குழுவோட ஷெட்லண்ட் கரையில் வருசக்கணக்காக நீர்நாய்களுக்குப் பின்னால் திரிந்தார். 1995இல் வந்த அவரின்ர 'வைல்ட் ஒட்டர்ஸ்' புத்தகத்தை நான் நூலகத்து மூலையில் இருந்து வாசிக்கத் தொடங்கினது ஒரு பின்னேரம். விளங்காத பந்திகளைத் தாண்டித் தாண்டிப் போனேன். ஆனால் எண்ணுறது பற்றின பகுதி விளங்கினது. அது சேரின்ர கேள்விக்கு நேரே வந்து நிண்டது.

நீர்நாயை எண்ணேலாது. யானையை எண்ணுற மாதிரிக் குளக்கரையில் காவல் இருந்து எண்ணவும் முடியாது, மேலே பறந்து போய் எண்ணவும் முடியாது. பெரும்பாலான நேரம் அது வளைக்குள் இருக்கும், அல்லது தண்ணிக்குள் இருக்கும். வெளியில் தெரியிறது கொஞ்ச நேரம்தான். அதனால் உலகம் முழுக்க ஆக்கள் செய்தது அதின்ர எச்சத்தை எண்ணுறது. நீர்நாய் உயரமான கல்லு, புல்மேடு, ஆற்றுச் சந்தி எண்டு கண்ணுக்குத் தெரியிற இடமாகப் பார்த்துத்தான் எச்சமிடும். மீன் செதிலும் முள்ளும் நிறைந்த, கடும் மீன் மணம் உள்ள எச்சம். கனக்க எச்சம் இருந்தால் கனக்க நீர்நாய் எண்டு நினைத்தவை.

க்ரூக்கின்ர ஆக்கள் இதை நம்பேல்லை. நம்பாமல் விட்ட விதம்தான் எனக்குப் பிடித்தது. ஒரு நீர்நாய்க்குச் சிங்க் உலோகத்தின்ர கதிரியக்க வகையைச் சொட்டளவு ஏற்றி விட்டால், பிறகு கரையில் பொறுக்குற எச்சத்தில் எது அதினுடையது எண்டு கருவி காட்டிக்கொடுக்கும். அதோட மணிக்கணக்காகத் தூரத்தில் இருந்து பார்த்தவை. பார்த்ததில் தெரிந்தது, எச்சத்தின்ர அளவுக்கும் நீர்நாயின்ர எண்ணிக்கைக்கும் நேரான தொடர்பு இல்லை எண்டது. குளிர்காலத்தில் கரை முழுக்க எச்சம், கோடையில் குறைவு. நீர்நாய் அதே அளவுதான். கனக்க எச்சத்தைத் தண்ணிக்குள்ளேயே விட்டுவிடும், ஒருத்தரும் எண்ணேலாது. கரையில் வைக்கிறது மற்ற நீர்நாய்களுக்கு "இந்த இடத்தில் இப்ப நான் சாப்பிடுறன்" எண்டு சொல்லுற அறிவித்தல் மாதிரி எண்டு க்ரூக் விளங்கப்படுத்துறார். அறிவித்தல் பலகையை எண்ணிப்போட்டு ஊரில் எத்தினை குடும்பம் எண்டு சொல்லேலாதுதானே.

அப்ப என்ன செய்தவை? வளையை எண்ணினவை.

முதலில் சில கரைத்துண்டுகளைத் தெரிவு செய்து, அங்கே இருக்கிற ஒவ்வொரு நீர்நாயையும் ஆள் ஆளாகத் தெரியிற வரைக்கும் பார்த்தவை. நீர்நாயின்ர தொண்டையில் வெளிறின திட்டுகள் இருக்கும், ஒண்டுக்கு இருக்கிற மாதிரி மற்றதுக்கு இராது. அதை வைச்சு, இந்தக் கரையில் நிரந்தரமாக இருக்கிற பெண் நீர்நாய்கள் இத்தினை எண்டு உறுதியாகச் சொல்ல முடிந்தது. அதே கரையில் பாவனையில் இருக்கிற வளைகள் எத்தினை எண்டும் எண்ணினவை. ரெண்டுக்கும் இடையில் ஒரு விகிதம் வந்தது. பிறகு ஷெட்லண்ட் முழுக்க மாதிரிக் கரைத்துண்டுகளை எடுத்து, அங்கே நீர்நாயைத் தேடாமல் வளையை மட்டும் எண்ணினவை. விகிதத்தால் கணித்து, மொத்தக் கரைக்கும் பெருப்பித்து, 1988க்கு ஒரு விடை சொன்னவை: வளர்ந்த நீர்நாய்கள் 700இல் இருந்து 900 வரை.

எங்கட புள்ளிவிபரவியல் பாடத்தில் மாதிரியெடுப்பு எண்டு ரெண்டு தவணை படித்தனாங்கள். சோதினைக்கு எழுதிப் பாஸும் பண்ணினனான். ஆனால் அது எதுக்கு எண்டு எனக்கு அண்டைக்குத்தான் விளங்கினது. "700இல் இருந்து 900 வரை" எண்ட அந்த இடைவெளியில் ஒரு நேர்மை இருக்குது. 812 எண்டு சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டன்.

ஏன் இவ்வளவு பாடுபட்டு எண்ண வேணும்? ஷெட்லண்டில் அதுக்கு ஒரு காரணம் இருந்தது, எண்ணெய். சலம் வோ எண்ட இடத்தில் வடகடல் எண்ணெய் இறங்குற பெரிய முனையம் 1978இல் வேலை தொடங்கினது. அந்த வருசம் டிசம்பர் முடிய முதலே எஸ்ஸோ பேர்னீசியா எண்ட கப்பலில் இருந்து ஆயிரம் தொன்னுக்கு மேல எண்ணெய் கொட்டிச்சு. செத்துக் கிடந்த நீர்நாய்கள் 13 கண்டெடுக்கப்பட்டன. 13 எண்டது பெரிய இழப்பா, சின்ன இழப்பா? நூறில் 13 எண்டால் ஒரு கதை, ஆயிரத்தில் 13 எண்டால் வேற கதை. அதைச் சொல்ல அப்ப கையில் ஒரு எண்ணிக்கை இருக்கேல்லை. 1993 ஜனவரியில் பிரேயர் எண்ட கப்பல் ஷெட்லண்டின்ர தெற்கு முனையில் மோதி கிட்டத்தட்ட 85,000 தொன் எண்ணெயைக் கடலில் விட்ட நேரம், எண்ணிக்கை இருந்தது.

எங்களுக்கு இது புதுசில்லை. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்து தாண்ட பிறகு, செத்த ஆமைகள் நூற்றுக்கணக்கில் கரையொதுங்கினதுகள். உடனே கிளம்பின வாதம் என்ன? "தென்மேற்குப் பருவக்காற்று நேரம் வழமையாகவும் ஆமை ஒதுங்குறதுதானே." வழமை எவ்வளவு எண்டு முன்னமே எழுதி வைச்சிருந்தால்தானே அதுக்குப் பதில் சொல்லலாம்.

இதை நான் ஃபோனில் அம்மாவுக்குச் சொன்னேன். சும்மா, தலைப்புக் கதையாகத்தான் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் கதைக்கேல்லை. பிறகு, "எங்களையும் அப்பிடித்தானே பிள்ளை எண்ணினவங்கள்" எண்டா.

2009 தொடக்கத்தில் வன்னிக்குள்ள இருக்கிற சனம் 70,000 வரைதான் எண்டு அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் வெளியில் வந்து முகாம்களில் பதிந்த சனம் 2,80,000க்கு மேல. அந்த எண்ணுக்குள்ள ஆறு வயசில் நானும் ஒண்டு. எழுபதாயிரம் பேருக்கு அரிசி அனுப்பினால் மிச்சப் பேர் என்ன செய்யிறது எண்டது எங்கட வீட்டில் கணக்குப் பாடம் இல்லை. அம்மா அதுக்கு மேல ஒண்டும் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை. "சாப்பிட்டியே?" எண்டு கேட்டுப்போட்டு வைத்துவிட்டா.

நீர்நாயையும் சனத்தையும் ஒண்டாக வைக்கிறன் எண்டு ஆரும் கோவிக்க வேண்டாம். நான் வைக்கேல்லை. அம்மா வைத்தவ, அவவுக்கு அந்த உரிமை இருக்குது.

திரும்ப ஷெட்லண்டுக்கு வாறன். வளைகளை எண்ணப் போனவைக்கு இன்னொண்டும் தெரிய வந்தது, என்ர ஆய்வே கடைசியில் அதில்தான் போய் நிண்டது. வளைகள் எல்லாக் கரையிலும் ஒரே மாதிரி இல்லை. செங்குத்துப் பாறைக் கரையில் குறைவு. பயிர்செய்யிற நிலத்தை ஒட்டின கரையிலும் குறைவு. கூட இருந்தது பீற் நிலம் கடலுக்கு இறங்குற கரைகளில். பீற் எண்டது செத்த பாசியும் புல்லும் ஆயிரக்கணக்கான வருசம் தண்ணிக்குள் ஊறி உக்காமல் கறுத்துக் கிடக்கிற மண், எங்கட நாட்டில் முத்துராஜவெலவில் இருக்கிற மாதிரி. தோண்ட லேசு. ஆனால் முக்கியமான காரணம் தோண்டுறது இல்லை. பீற்றுக்குள்ள மழைத்தண்ணி தேங்கி நிக்கும். வளைக்குப் பக்கத்தில், சில நேரம் வளைக்குள்ளேயே, ஒரு சின்ன நன்னீர்க் குட்டை இருக்கும்.

கடலில் சீவிக்கிற மிருகத்துக்கு நன்னீர் எதுக்கு? குடிக்கவும்தான். ஆனால் அதை விடக் கழுவ. இந்த நீர்நாய்க்குக் கடல்நாய் மாதிரித் தோலுக்குக் கீழே தடிச்ச கொழுப்பு இல்லை. குளிரைத் தாங்குறது மயிரால. அடர்த்தியான உள்மயிருக்குள் காற்றுச் சிக்கி நிண்டு தோலில் தண்ணி படாமல் காக்கும். கடல்நீரில் திரும்பத் திரும்ப இறங்கினால், காயேக்க உப்பு மயிரில் படிஞ்சு ஒட்டவைக்கும். ஒட்டின மயிருக்குள் காற்று நிக்காது. காற்று இல்லாட்டி அடுத்த முறை இறங்கேக்க உடம்புச் சூடு போகும். அதனால் மீன் பிடிச்சு முடிய நன்னீர்க் குட்டைக்குப் போய் முக்கி, உதறி, புல்லில் பிரண்டு, உப்பைப் போக்கிவிட்டுத்தான் வளைக்குப் போகும். குட்டை இல்லாத கரையில், கடலில் எவ்வளவு மீன் கிடந்தாலும் அதுக்குச் சீவியம் இல்லை.

இதை வாசிக்கேக்க எனக்கு அம்மப்பாதான் கண்ணுக்குள்ள வந்தார். கடலால வந்தால் அவர் ஒருத்தரோடும் கதைக்க மாட்டார். நேரே கிணற்றடி. ரெண்டு வாளி தலையில் ஊத்தி, சாரத்தைப் பிழிஞ்சு உதறின பிறகுதான் "என்னடி பிள்ளை" எண்டு என்ர பக்கம் திரும்புவார். ஊரில் எல்லாக் கிணறும் குளிக்க உதவாது. சிலது சவர். சுனாமிக்குப் பிறகு நல்ல கிணறுகளும் உப்பாகி, இறைச்சு இறைச்சுத்தான் திரும்பச் சரிவந்தது எண்டு அம்மம்மா சொல்லுவா. "கடலுக்குக் கிட்ட இருக்கிறவனுக்குத்தான் நல்ல தண்ணியின்ர அருமை தெரியும்" எண்டது அவவின்ர வழமையான பேச்சு, பெரும்பாலும் நாங்கள் குளிக்கேக்க கூடத் தண்ணி அள்ளினால் வாற பேச்சு.

எங்கட கடல் ஷெட்லண்ட் கடல் மாதிரிக் குளிர் இல்லைத்தான். ஆனால் போர்த்துக்கலின்ர தென்மேற்குக் கரை ஷெட்லண்டை விட எவ்வளவோ சூடு, கோடையில் அங்கத்தை ஓடைகளும் வற்றும். அங்கேயும் இதே இனம் கடலில் மீன் பிடிக்குது. அங்கே ஆராய்ந்தவை கண்டதும் இதைத்தான்: கோடையில் நீர்நாயின்ர அடையாளங்கள் நன்னீர் மிஞ்சியிருக்கிற இடங்களை ஒட்டித்தான் கூடுது. ஆடி, ஆவணியில் நாயாற்றுப் பக்கம் போனவைக்கு இந்த இடத்தில் படம் தானாக விரியும்.

ரெண்டு கிழமை முடிய சேரிட்டைப் போனேன். தலைப்பை மாற்றியிருந்தேன். நீர்நாயை எண்ணப் போறன் எண்டு சொல்லேல்லை. களப்புக் கரையில் வறட்சிக் காலத்தில் நல்ல தண்ணி நிக்கிற இடங்களை வரைபடமாக்கி, அந்த இடங்களில் மட்டும் வளை, எச்சம், காலடி தேடிப் பதியப் போறன் எண்டு சொன்னேன். மண், நீர், நிலப்பயன்பாடு எல்லாம் புவியியல்தானே எண்டும் சொன்னேன். சேர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்டும் அம்பிடாட்டி?"

"அம்பிடேல்லை எண்டு எழுதுவன் சேர்."

"தேடின நாளையும் இடத்தையும் சேர்த்து எழுதும்" எண்டு சொல்லிக் கையெழுத்து வைத்தார்.

ஆவணி லீவில் சின்ன மாமாவின்ர மோட்டார் சைக்கிளில் பதினொரு நாள் திரிந்தேன். மாமா வாறது எனக்காக இல்லை, தூண்டிலுக்காக. முதல் நாலு நாளும் நான் செய்த பிழையைச் சொல்ல வெட்கமாக இருக்குது. கல்லில் கண்ட எச்சத்தை எல்லாம் நீர்நாய் எண்டு நினைத்துப் படம் எடுத்தேன். மாமா குனிஞ்சு பார்த்து, "இது கொடுப்புலியடி" எண்டார். கொடுப்புலியும் மீன் தின்னுற பூனைதான், அதின்ரையிலும் செதில் இருக்கும். ஆனால் நீர்நாயின்ர எச்சம் உதிரும், முழுக்க முள்ளும் செதிலுமாக இருக்கும். கொடுப்புலியின்ரை உருண்டு திரண்டு, எலிமயிரும் கலந்திருக்கும். இதைப் படிக்க எனக்கு நாலு நாளும், ரெண்டு சோடிக் கையுறையும், மாமாவின்ர கிண்டலும் செலவானது. படத்தில் வடிவாகத் தெரியிற இந்த மிருகத்தைப் பற்றின அறிவில் பாதி பீ கிண்டுறதுதான். விருப்பம் இருக்கிறவை முன்கூட்டியே தெரிஞ்சு கொள்ளுங்கோ.

நல்ல தண்ணி இடங்கள் ஒன்பது கண்டேன். அதில் மூண்டு ஆறு இறங்குற பக்கத்து மருதமர நிழல் மடுக்கள். ரெண்டு, களப்புக் கரையில் மணல் மேட்டுக்குக் கீழே கசியிற ஊற்று. மாடுகள் அதைக் கண்டுபிடிச்சு வைச்சிருந்ததாலதான் எனக்கும் தெரிந்தது. ரெண்டு, வயலில் இருந்து வடிகிற வாய்க்கால் முனை. ஒண்டு, இடம்பெயர்ந்து போனவை திரும்பி வராத வளவுக்குள்ள கிடக்கிற இடிஞ்ச கிணறு, ஒரு பக்கம் சரிஞ்சு குட்டை மாதிரி ஆகிவிட்டது. கடைசி ஒண்டு போன வருசம் வரைக்கும் இருந்ததாம். நான் போகேக்க மண் நிரப்பி, கம்பிவேலி போட்டிருந்தது. அதையும் வரைபடத்தில் போட்டேன், வேற நிறத்தில்.

ஒன்பதாம் நாள் காலை, மருதமர மடுவில், வேர் நீட்டிக்கொண்டிருக்கிற கரையில் உதிரியான எச்சம் ஒண்டு. முழுக்கச் செதில். மாமாவைக் கூப்பிட்டேன். அவர் கனநேரம் பார்த்துவிட்டு, "அப்புவின்ர நாய்தான் போல" எண்டார். அம்மப்பாவை மாமா அப்பு எண்டுதான் சொல்லுவார். பக்கத்து ஈரமண்ணில் அரைகுறையாக ஒரு காலடி, ஐந்து விரல். கொடுப்புலி எண்டால் நாலு விரல்தான் பதியும். நாங்கள் ரெண்டு பேரும் சத்தம் போடாமல் ஒன்பதரை மணி வரை குந்தியிருந்தோம். ஒண்டும் வரேல்லை. நுளம்பு வந்தது.

மற்ற எட்டு இடத்திலும் பதிவுத்தாளில் 0. அந்த எட்டுக்கும் நாள், நேரம், கடைசி மழை எப்ப, தண்ணி எவ்வளவு ஆழம் எல்லாம் எழுதியிருக்கிறேன். "இல்லை" எண்டு எழுதேல்லை, "காணேல்லை" எண்டுதான் எழுதினேன். ரெண்டும் ஒண்டில்லை எண்டதை க்ரூக்கிட்டைப் படித்தது.

கடைசி நாள் பின்னேரம் வீட்டுக்கு வர அம்மா முத்தத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. நான் நேரே கிணற்றடிக்குப் போனேன். ரெண்டு வாளி ஊத்தினேன். அங்கே இருந்து கேட்டா:

"இண்டைக்கு எத்தினை?"

"ஒண்டும் காணேல்லையம்மா."

"எழுதினியே?"

"எழுதினனான்."

"அப்ப சரி, வா சாப்பிட."